எத்தனை கயிறு

பூங்காவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் யாருமில்லை. சீட்டுக் கொடுக்கும் பெண்ணிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் தராசு. சின்னவர்கள் "தராசு அண்ணே" என்பார்கள். மூத்தவர்கள் "என்னப்பா தராசு" என்பார்கள். ஒருமுறை முதலாளி, புதிதாக வந்த காவலாளியிடம், "எனக்கு உடனே தராசு வேணும், ஓடு" என்று சொல்லப்போக, அந்த ஆள் எதிரே இருந்த காய்கறிக் கடைக்கு ஓடி, கடைக்காரரோடு மல்லுக்கட்டி, நிஜத் தராசையே தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அதைச் சொல்லிச் சொல்லிப் பூங்காவே வயிறு வலிக்கச் சிரித்தது.

குழந்தைகளைக் கயிற்றில் கட்டிக் குதிக்க விடுவதுதான் தராசின் வேலை. உயரமான இரும்புக் கம்பங்கள், நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய கறுப்பு வலை. குழந்தையின் இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் மாட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் கயிறுகளைக் கொக்கியில் பூட்டி மோட்டாரைப் போட்டால், கயிறு மேலே இழுக்கும். குழந்தை வலையைக் காலால் உதைத்து உதைத்து மர உச்சி வரை போய் வரும். இதில் சூட்சுமம் எல்லாம் எத்தனை கயிறு என்பதில்தான் இருக்கிறது. எடைக்குக் குறைவாகப் போட்டால் குழந்தை பொத்தென்று இறங்கி, வலைக்கு அடியில் இருக்கும் தரையில் குதிகால் முட்டும். அதிகமாகப் போட்டால் வலையைத் தொடவே தொடாது. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி அந்தரத்தில் தொங்கும். இருபது கிலோவுக்குள் என்றால் பக்கத்துக்கு இரண்டு கயிறு. அதற்குமேல் பத்துக் கிலோவுக்கு ஒரு கயிறு கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஆரம்பத்தில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் எடை மெஷின் இருந்தது. ஒரு மழையில் அதற்குள் தண்ணீர் புகுந்து, யார் ஏறினாலும் ஒரே எடையைக் காட்டத் தொடங்கியது. கைக்குழந்தைக்கும் பதினேழு, முதலாளிக்கும் பதினேழு. முதலாளி அதைப் பழுது பார்க்க அனுப்பப் போனபோதுதான் தராசு, "அது எதுக்குங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். குழந்தைக்குப் பெல்ட் மாட்டியதும் பின்பக்கம் ஒரு கையால் பிடித்து நாலு விரற்கடை தூக்குவார். இறக்கும்போதே எடை சொல்லிவிடுவார். ஓரிரு கிலோ இப்படி அப்படி இருக்கலாம், கயிறு மட்டும் தப்பியதில்லை.

கயிறுகளுக்கும் மோட்டார்ப் பெட்டிக்கும் பொறுப்பு அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவன் நிற்பது வலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒலிபெருக்கி அலறும். மோட்டார் வேறு இரையும். அதனால் தராசு தொண்டையைத் திறந்து கத்துவார். "முப்பத்தி ரெண்டு, நாலு." முதலில் எடை, பிறகு கயிறு. பலூன் விற்கிறவர் வரைக்கும் அந்தக் குரல் கேட்கும். நாளடைவில் அதுவே ஒரு வேடிக்கையாகிப்போயிற்று. வேலியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அவர் கத்துவதற்கு முன் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர் கத்தியதும் "ஓ" என்று ஓர் இரைச்சல் எழும். பெல்ட்டில் நிற்கும் குழந்தை என்ன முகத்தோடு நிற்கிறது என்று தராசு பார்த்ததில்லை. அவருக்கு அது தெரியும் இடத்தில் அவர் நிற்பதுமில்லை. முதுகுக்குப் பின்னால்தானே நிற்கிறார்.

இந்தக் கைப்பழக்கம் அவருக்குப் பார்சல் கிடங்கில் வந்தது. பதினெட்டு வயதிலிருந்து அங்கே மூட்டை தூக்கினார். தோளில் ஏறியதுமே, "இதுல அம்பதுன்னு எழுதியிருக்கு, ஆனா நாப்பத்தேழுதான் இருக்கும்" என்பார். போட்டுப் பார்த்தால் நாற்பத்தேழுதான் இருக்கும். மகள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். செவிலி துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும், ஒருதரம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, "நாலேகால். மூட்டை மாதிரி இருக்கா" என்றார். செவிலி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். நாலேகால்தான். அன்றைக்கு வாயில் வந்த மூட்டை அப்படியே நிலைத்துவிட்டது. தெருவிலும், வீட்டிலும், கடைசியில் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் அவள் மூட்டைதான். ஐந்து வயது வரை அதற்கேற்ற மாதிரிதான் இருந்தாள். கன்னம் இரண்டும் உப்பி, கையில் மடிப்பு மடிப்பாகச் சதை தொங்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் கிள்ளிவிட்டுப் போவார்கள்.

பிறகு தராசுக்கு முதுகு போயிற்று. இனிமேல் மூட்டை தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று மருத்துவர் சொன்னார். அதன்பிறகுதான் பூங்கா.

பூங்காவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தராசு ஒன்றைக் கண்டுகொண்டார். பெற்றவர்கள் சொல்லும் எடையை மட்டும் நம்பக்கூடாது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

ஒரு விடுமுறை நாளில் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் வரிசையை அடைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, பாத்துத் தூக்குங்க. இவனுக்கு உடம்புல ஒண்ணுமே இல்ல. ரெண்டு வாய் சாப்பிட்டா மூணாவது வாய்க்கு ஓடிடுவான். வெறும் எலும்பு."

தராசு பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினார். தூக்க முயன்றார் என்பதுதான் சரி.

"அம்பத்தி நாலு, ஆறு."

"அம்பத்தி நாலா? பெல்ட்டோட சேத்தா?"

"பெல்ட்டு அரைக்கிலோம்மா."

"அப்ப ஷூவா இருக்கும்."

அந்தப் பக்கத்திலிருந்து மைத்துனன் குரல் கொடுத்தான். "அக்கா, ஷூ இரும்புல வாங்கினீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். பையன் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு நாள் ஓர் அப்பா. மகள் குச்சி மாதிரி இருந்தாள். "நல்லா குதிக்க விடுங்க. உடம்பு ஏறிக்கிட்டே போகுது. வீட்ல உக்காந்த இடத்தை விட்டு அசையறதில்ல" என்றார். தராசு தூக்கிப் பார்த்து, "இருபத்தி நாலு, மூணு" என்று கத்தினார். "நல்லாப் பாருங்க, இன்னும் இருக்கும்" என்று அந்த மனிதர் விடாமல் பேரம் பேசினார். மைத்துனன், "கூடப் போட்டா உங்க பொண்ணு திரும்பிக் கீழ வராது, பரவாயில்லையா" என்று கேட்டபிறகுதான் அடங்கினார்.

இந்தக் கதைகளெல்லாம் அன்றன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். பூங்கா பொழுது சாயும்போதே மூடிவிடும். அவர்களுடையது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. சமையலறையிலேயே ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும். சாப்பிட உட்கார்ந்ததும் தராசுக்கு வாய் திறந்துகொள்ளும். அவருக்குக் குரல் மாற்றிப் பேச வரும். அந்த அம்மா மாதிரி மூக்கால் பேசுவார். கனமான குழந்தை வலையில் ஏறினால் கயிறு எப்படி முனகும் என்று தொண்டைக்குள்ளேயே முனகிக் காட்டுவார். மைத்துனனும் பெரும்பாலும் அங்கேயே சாப்பிடுவான். அவன் எடுத்துக் கொடுக்க, இவர் மேலும் ஏற்றுவார்.

"இன்னிக்கு ஒண்ணு வந்துச்சு பாரு மாப்ளே, மோட்டார் ஒரு நிமிஷம் யோசிச்சுதே."

"யோசிக்கலை மாமா. ராஜினாமா எழுதிக்கிட்டு இருந்துச்சு."

மனைவி சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிட்டு வந்திருப்பாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். மகளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தன் தட்டில் இருக்கும் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அம்மாவின் தட்டில் வைப்பாள்.

"எனக்குப் போதும்மா."

"பாத்தியா," என்பார் தராசு, "உன் மேல எவ்வளவு பாசம் என் மூட்டைக்கு."

சின்ன வயதில் அவள் பூங்காவே கதியென்று கிடந்தவள். மூடும் நேரத்தில் அப்பா அவளைக் கட்டி ஏற்றிவிட்டால் இறங்கவே மாட்டாள். நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ போன சமயத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "தலை சுத்துதுப்பா" என்பாள். வளர்கிற பெண், ஏதோ வெட்கம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆறாம் வகுப்பின் நடுவில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று சாயங்காலம் தராசு வீட்டுக்கு வந்தபோது மனைவி இஸ்திரி போடாமலே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதுவே ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளம்.

"என்னங்க, டீச்சர் சொன்னாங்க. மதியம் இவ டப்பாவை அப்படியே குப்பையில கொட்டறாளாம். ஒரு நாள் இல்ல, தினமும். உடம்பு இளைச்சுக்கிட்டே போகுது, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னாங்க."

"யாரு இளைக்கறா? நம்ம மூட்டையா?"

"எனக்கே தோணுது. ஸ்கர்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. ஊக்கு குத்தித்தான் அனுப்பறேன்."

"எலாஸ்டிக் போயிருக்கும்."

"நான் மாத்தினேன்ங்க. மாத்தியும் நிக்கல."

தராசு சிரித்தார். "அடியே, காலையிலேர்ந்து எத்தனை பேரைத் தூக்கறேன். பெத்தவங்க ஒவ்வொருத்தரும் இப்படித்தான் வந்து நிக்கறாங்க, என் பிள்ளை இளைச்சிருச்சு, என் பிள்ளை இளைச்சிருச்சுன்னு. நீயும் அந்த வரிசையில போய் நின்னுக்கிட்டியா? உயரமாயிட்டா. உயரமானா அப்படித்தான் தெரியும். நாப்பது கிலோவுக்குக் குறையாம இருப்பா. என் கண்ணு பொய் சொல்லாது."

அந்தப் பேச்சுக்கு மேல் மனைவியால் போக முடியவில்லை. வேறு எந்த வீட்டிலாவது புருஷன் இப்படிச் சொல்லியிருந்தால் மனைவி காதில் போட்டுக்கொள்ளாமல் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இங்கே சொன்னது தராசு. ஊரே நம்பும் கண்ணை வீட்டுக்காரி எப்படி நம்பாமல் இருப்பது? ஸ்கர்ட்டில் இன்னொரு ஊக்கு குத்தினாள். டாக்டரிடம் போகும் பேச்சு அப்படியே தள்ளிப்போயிற்று. அடுத்த மாதம் பள்ளிச் சட்டையின் கழுத்துப் பட்டன் போட்டபிறகும் உள்ளே இரண்டு விரல் போனது. அதையும் சொன்னாள். "துவைச்சுத் துவைச்சுத் துணி தளர்ந்திருக்கும்" என்றார் தராசு. சலவைக் கடையில் வேலை செய்கிறவளிடம் இதைச் சொன்னோமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஆண்டு முடியும் சமயத்தில் ஆறாம் வகுப்புக்கு ஓர் உல்லாசப் பயணம் ஏற்பாடாயிற்று. எங்கே என்றால் இந்தப் பூங்காவுக்குத்தான். மகள் முதலில் வரவில்லை என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, சரி என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் வயிற்றுக்குள் போனது தண்ணீரும் ஆப்பிள் துண்டும்தான் என்று பின்னால் யோசித்தபோது அம்மாவுக்கு நினைவு வந்தது.

தராசு அன்று முகம் மழித்து, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். மகளின் வகுப்பு முழுக்கத் தன் வலையில் குதிக்கப் போகிறது என்றால் சும்மாவா. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்; டீச்சர் வேலியோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி பாட, தராசு தூக்கித் தூக்கிக் கத்தினார். "இருபத்தொம்போது, மூணு." "முப்பத்தாறு, நாலு." முப்பத்தாறு என்று கேட்ட பெண் இறங்கி வந்ததும் மற்றவர்கள் அவளை முப்பத்தாறு, முப்பத்தாறு என்றே கூப்பிட்டார்கள். அவளும் பதிலுக்கு அவரவர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

மகள் வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். முறை நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஷூ, கைக்கடிகாரம், தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டில், பாவாடைப் பையில் இருந்த சில்லறை, தலையில் குத்தியிருந்த கிளிப். எல்லாவற்றையும் தோழியிடம் கொடுத்தாள். தொலைந்துவிடக் கூடாது என்று பொறுப்பாக இருக்கிறாளே என்று தராசுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

பெல்ட்டை மாட்டினார். வார் கடைசித் துளை வரைக்கும் போயிற்று. அவர் கை மாட்டியது. கண் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என் பொண்ணு," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "இவளைத் தூக்கி வேற பாக்கணுமா. நாப்பத்தி ரெண்டு, அஞ்சு."

மகள் சட்டென்று திரும்பினாள். "தூக்கிப் பாருங்கப்பா."

"பொறந்த அன்னிக்கே தூக்கிப் பாத்தவன்டி நான்."

"எல்லாரையும் தூக்கிப் பாத்தீங்க. என்னையும் பாருங்க."

"ஏறு, ஏறு. மாப்ளே, போடு."

மைத்துனன் பக்கத்துக்கு ஐந்து கயிறு பூட்டி மோட்டாரைப் போட்டான். மகள் மேலே போனாள். போனவள் கீழே வரவில்லை. கால்களை உதைத்தாள், வலை எட்டவில்லை. கையை வீசினாள், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கினாள். காற்றில் சட்டை உப்பி, உள்ளே ஆள் இருக்கிறாளா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"கொடியில காயறா பாரு" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது.

"மாமா, கயிறு தப்பா பூட்டிட்டேனோ?" மைத்துனன் தலையை நிமிர்த்தி எண்ணினான். "அஞ்சுதான் இருக்கு."

"புதுக் கயிறு மாப்ளே. முறுக்கா இருக்கு. நாலாக்கு."

இறக்கி, ஒரு கயிற்றைக் கழற்றி, மறுபடி ஏற்றினான். இந்தத் தடவை கட்டைவிரல் நுனி வலையை உரசியது. அவ்வளவுதான். தராசு கொக்கியைப் பார்த்தார்; மோட்டார்ப் பெட்டியைப் பார்த்தார்; கம்பத்தின் உச்சியில் இருந்த சக்கரத்தைப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த டீச்சர் எழுந்து வேலியருகே வந்து நின்றார்.

"இறக்கு" என்றார் தராசு. இறக்கியதும் பின்னால் போய் நின்று, மற்றவர்களுக்குச் செய்கிற மாதிரியே பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினார். நிறைந்திருக்கிறது என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கினால் கை விசுக்கென்று மேலே போகுமே, அப்படிப் போயிற்று. இருபத்தெட்டு. கைக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆறாம் வகுப்பிலேயே உயரமான பெண் அவள். அவளுக்கு முன்னால் குதித்துவிட்டுப் போன குட்டைப் பையனைவிடக் குறைவாக இருந்தாள்.

"எவ்வளவுப்பா?"

தராசு குனிந்து வாரைப் பார்த்தார்; கடைசித் துளையில் நின்றது.

"சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க, எல்லாருக்கும் சொல்றீங்கள்ல." அவள் முகம் பளிச்சென்று இருந்தது. பல மாதங்களாக அவள் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் பார்த்ததில்லை.

அவர் மைத்துனனைப் பார்த்து மூன்று விரலை நீட்டினார். மைத்துனன், "என்ன மாமா, மூணா?" என்று கேட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டினான். மூன்று கயிற்றில் அவள் சரியாகக் குதித்தாள். நன்றாகவே குதித்தாள். நேரம் முடிந்து இறங்கி வந்ததும் பெல்ட்டைக் கழற்றிய அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு கஷ்டப்பட்டேன். நீங்க சொல்லவே இல்ல."

"என்ன கஷ்டப்பட்ட?"

"சாப்பிடாமத்தான்." வீட்டுப்பாடம் முடித்தாயிற்று என்று சொல்கிற குரலில் சொன்னாள். "நான் வந்தா நீங்க அம்பது, அஞ்சுன்னு கத்துவீங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து மோட்டார் மாதிரி முனகிக் காட்டுவீங்க. அதான்."

தோழி வந்து கிளிப்பையும் கடிகாரத்தையும் கொடுத்தாள். மகள் வாங்கிக்கொண்டு வரிசையோடு போய்விட்டாள். அடுத்த பள்ளிக்கூடத்துக் கூட்டம் காத்திருந்தது. தராசு பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். மைத்துனன் வலையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் வரிசையை நிறுத்தச் சொன்னான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நாளைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்" என்றார் தராசு.

மனைவிக்கு மைத்துனன் முன்பே சொல்லிவிட்டிருந்தான். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "ஏன், எலாஸ்டிக் போயிடுச்சா?" என்றாள். மகள் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் இருபத்தெட்டு என்றுதான் காட்டியது. போன வருடம் பள்ளியில் எடுத்தபோது முப்பத்தைந்து இருந்தது என்று அம்மா சொன்னாள். மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சத்தம் போடாமல் பேசினார். இந்த வயதில் ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது என்றார். மகளைத் தனியாக உட்கார வைத்து வெகு நேரம் பேசினார். பிறகு பெற்றவர்களைக் கூப்பிட்டு, வீட்டில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேச்சே வேண்டாம் என்றார். வைது ஊட்டவும் வேண்டாம், கெஞ்சி ஊட்டவும் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார். ஒவ்வொரு தடவை போகும்போதும் மகளை எடை மெஷினில் முதுகைக் காட்டி நிற்க வைத்தார். எண் அவளுக்குத் தெரியாது. மருத்துவர் மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வார். தராசு அதையே கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. சாப்பிட்டாள் என்று நினைத்திருந்த ரொட்டித் துண்டுகள் காலுறைகளுக்கு நடுவில் அகப்பட்டன. ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் நின்றுவிடும். ஒரு தடவை மயக்கம் போட்டு விழுந்து, இரண்டு நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் மனைவிக்கும் தராசுக்கும் நடுவில் பேச்சு என்றால் மருந்து, பேருந்து, சாவி, அவ்வளவுதான். அவர் ஒருநாள், "என் கண்ணு பொய் சொல்லாதுன்னு சொன்னேன்ல" என்று தானாக ஆரம்பித்தார். "சொன்னீங்க" என்றாள் அவள். "நானும் நம்பினேன்."

சாப்பாட்டு மேசையில் பூங்காக் கதைகள் நின்றுபோயின. முதலில் கொஞ்ச நாள் நான்கு பேரும் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு மைத்துனன் பேருந்தில் நடக்கும் சண்டைகளைச் சொல்லத் தொடங்கினான். அதில் யாருக்கும் எடை கிடையாது. மூட்டை என்ற வார்த்தை தராசின் நாக்கு நுனி வரை வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, "அம்மாடி" என்பார்.

பூங்காவிலும் அவர் கத்துவதை நிறுத்தினார். குழந்தையைத் தூக்கிப் பார்ப்பார், கூட்டத்துக்கு மறைத்து, பெல்ட்டோரமாக விரலை நீட்டுவார், மைத்துனன் அத்தனை கயிறு பூட்டுவான். வேலியோரம் வேடிக்கைக்கு நின்றவர்களுக்கு ஏமாற்றம்.

"என்னப்பா தராசு, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று முதலாளி கேட்டார்.

"ஆமாங்க."

கட்டிய தொண்டை பல மாதமாகியும் திறக்கவில்லை. கூட்டம் குறைகிறதே என்று முதலாளி முணுமுணுத்தார். எடை மெஷினைப் பழுது பார்த்து வைக்கப் போவதாகவும் மிரட்டினார். "வைங்க," என்றார் தராசு, "எண்ணு தெரியற பக்கம் என்னைப் பாத்து இருக்கட்டும்." சில பெற்றோர்கள் விடாமல், "அண்ணே, எவ்வளவு இருக்கான், சொல்லுங்க" என்று கேட்பார்கள். "குதிக்கறதுக்குச் சரியா இருக்கான்" என்பார் அவர்.

மகள் எட்டாம் வகுப்புக்குப் போனாள். கன்னத்தில் மறுபடி சதை வைத்தது. மருத்துவர், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். எத்தனை கிலோ என்று அப்போதும் சொல்லவில்லை, தராசும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவளாகவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வந்தாள். முன்னறிவிப்பு எதுவுமில்லை. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, முறை வந்ததும் ஷூவோடும் கடிகாரத்தோடும் வலையில் ஏறி நின்றாள். தராசு பெல்ட்டை மாட்டினார். பின்னால் பிடித்து, நாலு விரற்கடை தூக்கினார்.

கை நாலு என்றது. தெளிவாகவே சொன்னது. ஆனால் அவர் கண் அவளுடைய மணிக்கட்டில் நின்றுவிட்டது. அந்த மணிக்கட்டைப் பார்த்தால் கொடியில் காயறா என்ற குரல்தான் கேட்டது. உப்பிய சட்டையும், வலை எட்டாத காலும்தான் தெரிந்தன. இவளுக்கு நாலு கயிறு போட்டால் மறுபடி தொங்குவாள். கூட்டம் நிற்கிறது. அவர் பெல்ட்டோரமாக மூன்று விரலை நீட்டினார்.

மைத்துனன் ஒரு நொடி அவரைப் பார்த்தான். பிறகு மூன்று பூட்டினான்.

முதல் குதியிலேயே மகள் பொத்தென்று இறங்கினாள். வலை தொய்ந்து குதிகால் தரையில் மோதியது. இரண்டாவது தடவையும் அப்படியே. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றாள்.

"அப்பா, கீழ முட்டுது."

"முதல்ல அப்படித்தான்மா இருக்கும். நல்லா உதைச்சுப் பாரு."

"உதைக்கறதுக்கு எங்க இருக்கு, தரைதான் இருக்கு. எனக்கு இது பத்தாதுப்பா." ஒலிபெருக்கிக்கு மேல் கேட்க வேண்டும் என்று அவளும் தொண்டையைத் திறந்துதான் கத்தினாள், அப்பாவின் தொண்டை. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இன்னொண்ணு போடச் சொல்லுங்க."

தராசு அவளைப் பார்த்தார். இந்தத் தடவை முன்பக்கம் வந்து நின்று பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மனைவி, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம், "இவருக்குத்தான் ஊர்ல தராசுன்னு பேரு" என்றாள். அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். அவர் காதிலும் விழுந்தது.

"மாமா, என்ன பண்ணட்டும்?" என்றான் மைத்துனன்.

தராசு கையை மறைக்காமல் தலைக்கு மேலே தூக்கி, மூன்று விரலைக் காட்டி, பிறகு நாலாவதையும் நீட்டினார்.